முப்பத்தோராவது பிள்ளை

முப்பது பிள்ளைகள் வரை படிக்கும் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளிக்கு, ஒரு வருடம் முழுவதற்கும் கிடைக்கிற பள்ளி மானியம் 10,000 ரூபாய். அதே பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகள் இருந்துவிட்டால் மானியம் 25,000 ரூபாய். நடுவில் நிற்பது ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை சேர்ந்தால் 15,000 ரூபாய் கூடுகிறது. பெயரை எடுத்துக்கொண்டு போனால் 15,000 ரூபாய் குறைகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் 2021-இல் திருத்தி அமைக்கப்பட்டதிலிருந்து இதுதான் கணக்கு. நூறு பிள்ளைகளைத் தாண்டினால் 50,000, இருநூற்றைம்பதைத் தாண்டினால் 75,000, ஆயிரத்தைத் தாண்டினால் 1 லட்சம்.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் இருந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி என்னுடையது. அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குப் பணம் ஒதுக்கும் செய்தி வரும்போதெல்லாம் ஆயிரம் கோடி, பத்தாயிரம் கோடி என்று படிக்கிறோம். அந்தக் கோடிகள் எங்கிருந்து கிளம்பி, எந்த வழியில் வந்து, எங்கள் பள்ளி வாசலில் எத்தனை ரூபாயாகச் சேர்கின்றன என்பதைக் கணக்கு எழுதிய கையால் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்களுக்கும் இது தெரிய வேண்டும். சேர்க்காதவர்களுக்கும் தெரிய வேண்டும். அவர்கள் பணமும் இதில் இருக்கிறது.

எங்கள் பக்கம் மானம் பார்த்த பூமி. மார்கழித் திருவாதிரையில் மரகத நடராஜருக்குச் சந்தனக் காப்பு களையும் நாளில் உத்தரகோசமங்கையில் கால்வைக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் மழையைப் பார்த்திருக்கிற கிராமங்கள்தான் சுற்றிலும். மழை பெய்தால் நெல். பிறகு குண்டு மிளகாய். இரண்டும் பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலை. மூட்ட வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் பெரும்பாலும் குடும்பத்தோடு போவார்கள். பிள்ளைகளும் போய்விடும்.

பிள்ளைகளின் எண்ணிக்கையை நாடு முழுக்கக் கணக்கெடுக்கும் யூடைஸ் பதிவேட்டுக்குச் செப்டம்பர் 30-ஆம் தேதிதான் அளவுகோல். அன்றைக்குப் பள்ளியில் எத்தனை பேர் என்பதே அந்தப் பள்ளியின் எண். முப்பதை ஒட்டி நிற்கும் ஒரு பள்ளியில், அந்தத் தேதிக்கு முன்னால் ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளோடு மூட்டத்துக்குக் கிளம்பினால் தலைமையாசிரியருக்கு இரண்டு கவலை. முதல் கவலை அந்தப் பிள்ளைகளின் படிப்பு. இரண்டாவது, இருக்கிற பிள்ளைகளுக்கு வர வேண்டிய பணம்.

அப்படிக் கிளம்பிய ஒரு தாயிடம், பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டேன்.

"அப்பத்தாகிட்ட விட்டுட்டுப் போகலாம்னுதான் பாத்தேன் டீச்சர். அது கண்ணு சரியாத் தெரியாத மனுசி. மத்தியானம் பள்ளிக்கூடத்துல சோறு போடுவீங்க. காலையிலயும் ராத்திரியும் யாரு ஆக்கிப் போடுறது?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. 2023 ஆகஸ்ட் 25-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. அடுத்த முறை மூட்டத்துக்குப் போகும்போது அதே தாய் பிள்ளைகளை அப்பத்தாவிடம் விட்டுப் போனாள். "ராத்திரிக்கு மட்டும் பக்கத்து வீட்டுல சொல்லியிருக்கேன் டீச்சர்" என்றாள். அரசுப் பணம் ஒரு பிள்ளையின் வருகைப் பதிவேட்டில் எப்படி ஏறுகிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த வீட்டைத்தான் சொல்வேன்.

பணம் வரும் வழி

"இலவசக் கல்வி" என்று எல்லோரும் சொல்கிறோம். பிள்ளையிடம் கட்டணம் வாங்குவதில்லை என்கிற அளவில் அது சரி. ஆனால் செலவு இருக்கிறது. அதை ஊர் சேர்ந்து முன்கூட்டியே கட்டிவிட்டது. கீழக்கரைக் கடைத்தெருவில் ஒரு சோப்புக்கட்டி வாங்கினாலும் அதில் ஜி.எஸ்.டி. உண்டு. தமிழ்நாட்டுக்குள் நடக்கும் விற்பனையில் அந்த வரியில் பாதி மாநிலத்துக்கு, பாதி ஒன்றிய அரசுக்கு. வண்டிக்குப் பெட்ரோல் போட்டால் இரண்டு அரசுக்கும் வரி. நிலம் பத்திரம் முடித்தால் முத்திரைத்தாள் கட்டணம் மாநிலத்துக்கு. வருமான வரி கட்டுகிறவர்கள் அந்த வரியின் மேல் 4 விழுக்காடு 'சுகாதாரம் மற்றும் கல்வி'க்கென்று தனியாகக் கட்டுகிறார்கள். 2004-இல் 2 விழுக்காடு கல்வி வரியாகத் தொடங்கியது, 2018-இல் இந்த வடிவத்துக்கு வந்தது. ஒன்றிய அரசு வசூலிக்கும் பொது வரிகளில் 41 விழுக்காடு மாநிலங்களுக்குப் பங்காக வர வேண்டும் என்று 15-வது நிதிக்குழு வகுத்தது. ஆனால் இந்த 4 விழுக்காட்டைப் போன்ற மேல்வரிகள் அந்தப் பங்கீட்டுக்குள் வராது. படிப்புக்கென்று நாம் கொடுப்பதில் ஒரு பகுதி முழுக்க டெல்லியின் கையில் இருக்கிறது என்பது இதன் பொருள்.

இனி செலவுப் பக்கம். 2025-26-இல் தமிழ்நாடு அரசு பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். அந்த ஆண்டு மாநிலத்தின் வருவாய்ச் செலவு மதிப்பீடு சுமார் 3,73,000 கோடி. ஒப்பிட்டுப் பார்த்தால் எட்டில் ஒரு பங்கு. இந்தப் பணத்தில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்குப் போகிறது. இதைக் கேட்டவுடன் "எல்லாம் சம்பளத்துக்கே போயிருதே" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடம் என்றால் முதலில் ஆசிரியர்தான். கட்டடம் இல்லாமல் வேப்பமரத்தடியில் பாடம் நடந்திருக்கிறது. ஆசிரியர் இல்லாமல் கட்டடத்தில் எதுவும் நடந்ததில்லை. பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி, பஸ் பாஸ், முட்டையோடு மதிய உணவு ஆகியவற்றுக்கும் மாநிலம் செலவு செய்கிறது.

இதற்கு மேல் வருவதுதான் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், 'சமக்ர சிக்‌ஷா'. 2001-இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கத்தையும், 2009-இல் வந்த இடைநிலைக் கல்வித் திட்டத்தையும், ஆசிரியர் கல்விக்கான திட்டத்தையும் சேர்த்து 2018-இல் ஒன்றாக்கினார்கள். செலவில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் தொடக்கத்தில் ஒன்றியத்தின் பங்கு 85 ஆக இருந்தது. 75 ஆகி, 65 ஆகி, 2015-க்குப் பின் 60-இல் நிற்கிறது.

நான் மேலே சொன்ன பள்ளி மானியம் இந்தத் திட்டத்தில்தான் வருகிறது. ஆசிரியர் பயிற்சி, வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள், இயன்முறை மருத்துவர்கள், மாற்றுத்திறன் மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் உதவித்தொகை, இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி, கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள், நூலகப் புத்தகம், விளையாட்டுப் பொருள் எல்லாம் இதற்குள்தான். மாநிலத்தின் 46,767 கோடி சோறு என்றால் இது உப்பு. அளவில் சிறியது, இல்லாவிட்டால் இலையில் உட்கார முடியாது.

ராமநாதபுரத்தில் 250 வராகன்

அரசுப் பணம் பள்ளிக்கு வந்த கதை எங்கள் மாவட்டத்தில் மிகப் பழையது. 1785-இல் ராமநாதபுரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளி திறக்கப்பட்டது. சுவார்ட்ஸ் பாதிரியார் அதை நடத்தினார். தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவன் தீட்டிய திட்டப்படி தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களில் அப்படிப் பள்ளிகள் வந்தன. 1787-இல் லண்டனில் இருந்த கம்பெனியின் இயக்குநர்கள், ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் கொடுக்க ஒப்புதல் தந்தார்கள். இந்தியக் கல்விக்கென்று ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கவேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1813-இல் சட்டத்தில் எழுதியது. அதற்கு 26 ஆண்டுகள் முன்பே எங்கள் ஊர்ப் பள்ளிக்கு மானியம் நிர்ணயமாகிவிட்டது.

அந்த 250 வராகன் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கம்பெனிக்கும் இந்த மண்ணின் மக்களுக்கும் இடையே பேச்சும் கொடுக்கல் வாங்கலும் எளிதாக வேண்டும். அதற்கு ஆங்கிலம் தெரிந்தவர்கள் வேண்டும். பாடம் எது என்பதைப் பணம் கொடுத்தவர் தேவையே தீர்மானித்தது. சுவார்ட்ஸ் பெயரில் ராமநாதபுரத்தில் இன்றும் நிற்கிற மேல்நிலைப் பள்ளியில் படித்துத்தான் ராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் மேலே போனார். பணத்தின் நோக்கம் எதுவாக இருந்தாலும் பள்ளிக்குள் நுழைந்த பிள்ளை தன் வழியைக் கண்டுகொள்கிறது என்பதற்கு அது சான்று. ஆனால் பணத்தோடு நிபந்தனை வருவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்பதற்கும் அதே பள்ளிதான் சான்று.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொல்லி 1822-இல் உத்தரவிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலானவை ஊரார் கொடுத்த நெல்லிலும் காசிலும் நடந்த திண்ணைப் பள்ளிகள். அங்கே கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகள்தான் படித்தார்கள். கொடுக்க முடியாத வீடும், உள்ளே விடப்படாத சாதியும், பெண் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரும் வெளியே இருந்தார்கள். வரிப்பணத்தில் பள்ளி நடக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் இதுதான். ஊர் கொடுத்து நடக்கும் பள்ளி, ஊர் யாரைச் சேர்க்கிறதோ அவர்களுக்கே பள்ளி. வரி கொடுத்து நடக்கும் பள்ளி எவரையும் திருப்பி அனுப்ப முடியாது.

காமராசர் முதலமைச்சரானது 1954-இல். அவருடைய விருதுநகர் அன்றைக்கு எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவோடு சேர்ந்து அவர் செய்தவற்றில் மதிய உணவை எல்லோரும் சொல்வார்கள். 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கியது. தொடக்கத்தில் அதை ஊரார் நன்கொடையில் நடத்திப் பார்த்தார்கள். பிறகு அரசு பாதிக்கு மேல் கொடுக்க, மிச்சத்தை ஊர் போட்டது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி நிலம், கரும்பலகை, மேசை, கடிகாரம் என்று ஊரார் கையிலிருந்தே வாங்கினார்கள். ஆனால் ஆசிரியர் சம்பளத்தை நன்கொடையை நம்பி விடவில்லை. அது அரசின் கடமையாக இருந்தது.

அந்தக் காலத்தின் இன்னொரு முடிவை நாம் அதிகம் பேசுவதில்லை. ஒரு மைலுக்குள் பள்ளி வேண்டும், சிறு ஊருக்கும் பள்ளி வேண்டும் என்று பள்ளியை ஊர்க்கணக்கில் திறந்தார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கு நிற்கும் தொடக்கப்பள்ளிகள் பலவற்றுக்கும் இந்த முடிவுதான் அடித்தளம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளும் இதையேதான் பின்பற்றுகின்றன: தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப்பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள். பள்ளியைத் திறக்கும்போது தூரத்தைப் பார்த்தோம். பணம் கொடுக்கும்போது தலையை எண்ணத் தொடங்கிவிட்டோம். சிக்கல் இங்கேதான்.

2,152 கோடி

2024-25-இல் தமிழ்நாட்டுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒப்புதலான தொகை 3,586 கோடி. அதில் ஒன்றிய அரசின் 60 விழுக்காடு 2,152 கோடி. அந்தப் பணம் அந்த ஆண்டு வரவில்லை.

காரணம் 'பி.எம். ஸ்ரீ' என்ற வேறொரு திட்டம். 2022-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த இந்தத் திட்டத்தில், நாடெங்கும் 14,500 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து மாதிரிப் பள்ளிகளாக உயர்த்துவார்கள். அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மாநிலம் தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ முழுமையாக நடைமுறைப்படுத்த ஒத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. தேசியக் கொள்கையை ஏற்காத மாநிலத்துக்கு அதன் அடிப்படையில் நடக்கும் திட்டத்தின் பணம் எப்படி வரும் என்பது ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் வாதம். பி.எம். ஸ்ரீயும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமும் தனித்தனித் திட்டங்கள்; 1968 முதல் இருமொழிக் கொள்கையில் நிற்கிற மாநிலம், மும்மொழியைச் சொல்லும் கொள்கையில் கையெழுத்திடாததற்காகப் பழைய திட்டத்தின் பணத்தை நிறுத்தக்கூடாது என்பது மாநிலத்தின் வாதம். 2025 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அரசியலமைப்பின் 131-ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிலுவையையும் 6 விழுக்காடு வட்டியையும் சேர்த்து 2,291 கோடி கேட்டது. 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில், ஒன்றியம் கொடுக்காத இடத்தில் தன் சொந்த நிதியிலிருந்து செலவு செய்ததாகவும் மாநிலம் சொன்னது.

கணக்காகப் பார்த்தால் 2,152 கோடி என்பது அந்த ஆண்டு மாநிலம் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய 44,042 கோடியில் இருபதில் ஒரு பங்குதான். இதற்கா இவ்வளவு சத்தம் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மீதிப் பணத்தில் பெரும்பகுதி சம்பளமாக முன்பே கட்டுண்டது. அதில் கைவைக்க முடியாது. பள்ளியின் அன்றாடத்துக்கென்று கையில் புரளும் பணம் இந்த இருபதில் ஒரு பங்குதான். அது நின்றால் முதலில் நிற்பவர் யார்? வாரத்தில் ஒரு நாள் வந்து வாய் பேசாத பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர். இந்தத் திட்டத்தில் சம்பளம் பெறும் பணியாளர்கள் தமிழ்நாட்டில் 32 ஆயிரத்துக்கு மேல்.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு இன்னோர் உதாரணம் தனியார் பள்ளிகளிலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். கட்டணத்தை அரசு திருப்பிக் கொடுக்கும். ஒன்றியத்தின் பங்கு வராததால் 2025-26-க்கான சேர்க்கை வழக்கமான ஏப்ரல் மாதத்தில் நடக்கவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்தப் பங்கைத் தேசியக் கல்விக் கொள்கையோடு இணைக்கத் தேவையில்லை என்று ஜூனில் நீதிமன்றம் சொல்லி, பிறகு பணம் விடுவிக்கப்பட்டு, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. பள்ளி திறந்தது ஜூனில். நான்கு மாதத்தில் ஒரு சின்னப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிடும். அரசுகளுக்கு அது ஒரு நிதியாண்டின் பகுதி. பிள்ளைக்கு அது திரும்பி வராத முதல் வகுப்பு.

கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது. 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றி, 1977 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பொதுப் பட்டியல் என்றால் இருவருக்கும் பொறுப்பு. எந்த மொழி, எந்தப் பாடத்திட்டம் என்பதில் டெல்லியும் சென்னையும் வாதாடட்டும். மக்களாட்சியில் அதற்கு நாடாளுமன்றமும் சட்டமன்றமும் நீதிமன்றமும் இருக்கின்றன. அந்த வாதம் முடிகிற வரைக்கும் பிள்ளையின் பணத்தைப் பிணையாகப் பிடித்துவைக்கக் கூடாது. கட்சி எதுவானாலும், ஆட்சி எங்கே மாறினாலும் இதை நான் சொல்வேன்.

தலையெண்ணும் கணக்கு

டெல்லியைக் கேட்கும் அதே குரலில் சென்னையையும் கேட்க வேண்டியிருக்கிறது. சிறு பள்ளியின் வலிக்கு இரண்டு பேரும் பொறுப்பு.

10,000 ரூபாயை மாதத்துக்குப் பிரித்தால் 833 ரூபாய் வரும். அதில் பத்து விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. மாதத்துக்கு 83 ரூபாய். மீதியில் சுண்ணக்கட்டி, பதிவேடு, மின்விசிறி பழுது, குழாய், தாழ்ப்பாள், வெள்ளையடிப்பு. எங்கள் பக்கத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பு. காவிரிக் கூட்டுக்குடிநீர் 2009-இல் மாவட்டத்துக்கு வந்தது. வராத நாளில் பள்ளிக்கும் குடம் ஒன்றுக்கு விலை கொடுத்துத்தான் தண்ணீர்.

பிள்ளைகள் குறைந்தால் பள்ளியின் செலவு குறைந்துவிடுமா? இருபது பிள்ளைகள் இருந்தாலும் கூரை ஒரே கூரைதான். கழிப்பறையை ஒரு முறை கழுவ ஆகும் பினாயில், எண்பது பேருக்கும் இருபது பேருக்கும் ஒன்றேதான். மழையில் பெயரும் காரைக்கு உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது.

பழைய அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் இந்த நியாயம் ஓரளவு இருந்தது. தொடக்கப்பள்ளி ஒன்றுக்குப் பள்ளி மானியம் 5,000; மூன்று வகுப்பறை வரை உள்ள பள்ளிக்குப் பராமரிப்பு மானியம் 5,000; ஆசிரியர் ஒருவருக்குக் கற்பித்தல் துணைக்கருவிக்கு 500. இரண்டு ஆசிரியர் பள்ளிக்கு மொத்தம் 11,000 வரும். பிள்ளைகள் எத்தனை என்று பார்க்கவில்லை. பள்ளி என்று பார்த்தார்கள். பதினைந்து வருடம் போல ஆகிவிட்டது. சிமெண்ட் விலையும் கொத்தனார் கூலியும் எங்கே போயிருக்கிறது என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் முப்பது பிள்ளைகளுக்குள் உள்ள பள்ளிக்கு இன்றைய மானியம் 10,000. அன்றைக்குக் கிடைத்ததைவிட ஆயிரம் ரூபாய் குறைவு.

இதோடு ஆசிரியர் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்பை இரண்டு பேர் எடுக்கிறோம். அதில் ஒருவர் தலைமையாசிரியர். கல்வித் துறையின் 'எமிஸ்' இணையப் பதிவு, கூட்டம், உணவுக் கணக்கு என்று பாதி நாள் அவருக்கு அதிலேயே போகும். ஒரு தந்தை வந்து என்னிடம் சொன்னார்:

"உங்க மேல குறை இல்ல டீச்சர். அஞ்சு கிளாசுக்கு ரெண்டு பேர்னா புள்ளைக்கு என்ன வரும்? வேன்ல ஏத்தி ராம்நாட்டுக்கு விட்டுருவோம்னு இருக்கோம்."

அவர் கூலிக்குப் போகிறவர். வேனுக்கும் கட்டணத்துக்கும் கடன் வாங்கித்தான் கட்டினார். அவர் பிள்ளை போனதும் எண் குறைந்தது. எண் குறைந்ததும் பணம் குறைந்தது. பணமும் ஆளும் குறைந்த பள்ளியைப் பார்த்து அடுத்த வீடும் வேனைத் தேடியது. இப்படித்தான் ஒரு பள்ளி காலியாகிறது. 2019-இல் பிள்ளைகளே சேராத 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்றுவதாகத் தமிழ்நாட்டில் அறிவித்தார்கள். ஊரில் பிள்ளை இல்லாமல் பள்ளி மூடுவது வேறு. பள்ளிக்கு வேண்டியதைக் கொடுக்காமல் விட்டு, பிள்ளைகள் போன பிறகு ஆளில்லை என்று மூடுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எழுதும் அறிக்கையை நான் ஏற்க மாட்டேன்.

பள்ளி மூடினால் யாருக்கு நட்டம்? வேனுக்குக் காசு உள்ளவர் எப்படியும் சமாளிப்பார். அப்பத்தாவிடம் விடப்பட்ட பிள்ளைகளுக்கு வேன் கிடையாது.

என்ன செய்யலாம்

நாட்டின் வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் 1966-இல் சொன்னது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 விழுக்காட்டைச் சொல்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேலாக ஏட்டில் இருக்கும் எண் அது. நடப்பில் நாம் நான்கு விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறோம். எங்கள் கரைக்கு எதிர்க்கரையில் இருக்கும் இலங்கை, சுதந்திரம் கிடைக்கும் முன்பே, 1945-இல், கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வியைப் பல்கலைக்கழகம் வரைக்கும் கொண்டுவந்தது. பணக்கார நாடாகும் வரைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

இவ்வளவு பெரிய மாற்றம் வரும் வரைக்கும் செய்யக்கூடியவை சிலவற்றைக் கேட்கிறேன். ஒன்று, ஒவ்வொரு பள்ளிக்கும் அடிப்படை மானியம் என்று ஒரு தொகை வேண்டும். பிள்ளை பத்தாக இருந்தாலும் கூரை, தண்ணீர், கழிப்பறை, கற்பித்தல் கருவி நான்கையும் காப்பாற்றப் போதுமான தொகை. அதன் மேலே தலைக்கணக்கை வைத்துக்கொள்ளட்டும். இரண்டு, அந்தத் தொகை விலைவாசியோடு ஆண்டுக்காண்டு ஏற வேண்டும். அரசு ஊழியர் அகவிலைப்படிக்கு ஒரு கணக்கு இருக்கும்போது பள்ளியின் சுண்ணக்கட்டிக்கும் ஒன்று இருக்கலாம். மூன்று, ஜூனுக்கு முன் பணம் பள்ளியின் கணக்கில் இருக்க வேண்டும். மார்ச் 31-க்குள் செலவழி என்று கல்வியாண்டின் பின்பாதியில் கொடுப்பதால் அவசரச் செலவு நடக்கும், பராமரிப்பு நடக்காது. நான்கு, இடம்பெயரும் குடும்பங்கள் உள்ள வட்டாரத்தில் செப்டம்பர் 30 என்கிற ஒற்றைத் தேதியை மட்டும் நம்பாமல் ஆண்டு முழுவதின் சேர்க்கையைப் பார்க்க வேண்டும். ராமநாதபுரத்தை 2018-இல் ஒன்றிய அரசே 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று பட்டியலில் சேர்த்தது. பின்தங்கியது என்று பெயர் வைத்த இடத்துக்குக் கணக்கிலும் ஒரு தளர்வு கொடுப்பதுதான் முறை.

ஐந்தாவது கோரிக்கை வாசகர்களிடம். ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் தலைவர் அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு நடைமுறை. இந்த ஆண்டு மானியம் எவ்வளவு, எப்போது வந்தது, எதற்குச் செலவானது என்று அந்தக் கூட்டத்தில் எந்தப் பெற்றோரும் கேட்கலாம். கிராம சபையிலும் பள்ளிக்காகத் தீர்மானம் போடலாம். நான் தலைமையாசிரியையாக இருந்தபோது அப்படிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கோயில் திருவிழாக் கணக்கைப் பைசா விடாமல் கேட்கிற ஊர்தான் எங்கள் ஊர். பள்ளிக்கூடக் கணக்கை மட்டும் டீச்சர் பாடு என்று விட்டுவிட்டது. கேட்கிற ஊரில் மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்துக்கும் பலம் வரும். பத்துப் பெற்றோர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை ஒரு தலைமையாசிரியை கொண்டுபோவதற்கும், அவள் தனியாகப் போய் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அலுவலக வாசலில் நான் பார்த்திருக்கிறேன்.

சோப்புக்கட்டிக்குக் கொடுத்த வரியிலும், பத்திரத்துக்குக் கட்டிய கட்டணத்திலும் பள்ளியின் பங்கு இருக்கிறது. அதை டெல்லியிடம் கேட்பதும் சென்னையிடம் கேட்பதும் யாசகமாகாது. வரும் கூட்டத்தில் உங்கள் ஊர்ப் பள்ளியின் மானியத் தொகையையும் அது வந்த தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி ஜூனுக்குப் பிந்தியதாக இருந்தால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.